இரண்டு பெயரில் ஆயிரம் பங்கு

ஓசூர்
28-1-2005

அன்புள்ள பூபதிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் வினிதாவும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வராததை நான் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். எங்கள் கம்பெனியின் ஆயிரம் பங்கு உன் பெயரும் என் பெயரும் சேர்ந்து இருக்கிறதல்லவா, அதை விற்கப் போகிறேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லுமாம். பென்சிலால் குறி போட்ட இடத்தில் போட்டு உடனே அனுப்பு. கல்லூரியில் படித்தபோது போட்டாயே, 'பூபதி' என்று முழுதாக, அதே மாதிரி போடு. இப்போது நீ போடும் கிறுக்கல் அவர்களிடம் இல்லை.

94-இல் எங்கள் நவகிரி ஸ்பிரிங்ஸ் பங்கு வெளியிட்டபோது தொழிலாளர்களுக்கென்று ஒதுக்கியதில் சங்கிலியை அடகு வைத்து வாங்கியது. பங்கு பத்து ரூபாய். தனியாக என் பெயரை மட்டும் எழுத அன்று கை வரவில்லை, உன் பெயரையும் எழுதினேன். இன்று விலை பதினொன்று. புரோக்கர் வெங்கடசாமி சிரிக்கிறார். "இதுக்கு ஒரு ஆளப் புடிக்கறதுக்கே எனக்கு ஒரு வாரம் ஆவும்மா. பெரிய கம்பெனின்னா ஆயிரம் பேரு பாத்துக்கிட்டு இருப்பான், இத யாரு பாக்கறா?" என்கிறார்.

மத்தூரில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறேன். அட்வான்ஸ் பத்தாயிரம் கேட்கிறார்கள். ஏன் மத்தூர் என்று இப்போது கேட்காதே, அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
பொற்கொடி

*

புனே
2-2-2005

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அட்டை அனுப்பாதது தப்புதான். ஆபீசில் ராத்திரி பகல் தெரியவில்லை.

பங்கை இப்போது விற்க வேண்டாம். பதினோரு வருஷம் இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். உனக்குத் தேவை பணம்தானே? பத்தாயிரத்துக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். படிவம் என்னிடமே இருக்கட்டும்.

மத்தூரிலிருந்து தினமும் ஓசூருக்கு வேலைக்கு வருவாயா? போக மட்டும் இரண்டு பஸ் மாற வேண்டுமே. உடம்பு தாங்குமா என்று யோசித்துப் பார். வினிதா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
பூபதி

*

ஓசூர்
10-2-2005

பூபதிக்கு,

உன் டிராஃப்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக எடுத்துக்கொள்.

நான் கேட்டது கையெழுத்து. உன் பணத்தை நான் கேட்கவில்லை. உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வினிதா அவள் அம்மாவிடம், "கடைசியில அந்த அக்காவையும் நாமதான் வச்சுப் பாக்கணும்" என்று சொன்னபோது நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன். அன்றிலிருந்துதான் போனில் பேசுவதை நிறுத்தினேன். போனில் பேசினால் வாயில் வந்ததைக் கொட்டிவிடுவேன். எழுதினால், தபால் பெட்டிவரை நடந்து போவதற்குள் பாதிக் கோபமாவது குறையும்.

இந்தக் காரியத்துக்கு என் பணம்தான் வேண்டும், நான் சம்பாதித்தது. என் பணத்தை எடுக்க நீ ஏன் குறுக்கே நிற்கிறாய்? பதினோரு ரூபாய்ப் பங்கில் அப்படி என்ன புதையல் கண்டுவிட்டாய்? பெரிய கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன், எங்களைப் போன்ற சின்னக் கம்பெனி பங்கைத் தொடுவதற்கே கூச்சமாக இருக்கிறதோ என்னவோ.

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பொற்கொடி

*

புனே
19-2-2005

அக்கா,

வினிதா சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்குத் தெரியாது.

கையெழுத்து இப்போது போட முடியாது. காரணம் கேட்காதே. கொஞ்சம் பொறு, இதற்கு மேல் எழுத முடியவில்லை.

பூபதி

*

ஓசூர்
1-3-2005

அன்புள்ள பூபதிக்கு,

மூன்று நாள் யோசித்து எழுதுகிறேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டேன். நீயும் இதைப் பொறுமையாகப் படி.

எங்கள் ஸ்பிரிங்கை வாங்குகிற கம்பெனி ஒன்று போச்சம்பள்ளி எஸ்டேட்டில் இருக்கிறது. அதன் ஸ்டோர்சில் இருப்பவர் சௌந்தரராஜன். மத்தூர்க்காரர். வியாழக்கிழமைதோறும் சரக்கு எடுக்க வண்டியோடு வருவார். கடைசிப் பரிசோதனை என்னுடையது என்பதால் நான் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும். ஆறு வருஷமாக வருகிறார். அதிகம் பேசமாட்டார். சீசனில் மாம்பழம் நாலு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகளைக் காவேரிப்பட்டணத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

தை பிறந்த முதல் வியாழன், கேட் பாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டார். "எனக்கு நாப்பத்தெட்டு ஆவுதுங்க. ஊட்டுக்குப் போனா டிவிகிட்டதான் பேசணும். உங்களுக்கு இஷ்டம்னா நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம். முறையா, கோயில்ல வச்சுத்தான். யோசிச்சுச் சொல்லுங்க." சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போய் நின்றுகொண்டார். அன்று நல்ல ஸ்பிரிங் இருநூறை ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருக்கிறேன். மறுநாள் சூப்பர்வைசர் திம்மப்பன் எடுத்துக் காட்டியபோதுதான் தெரிந்தது.

எனக்கு நாற்பத்து மூன்று வயது, பூபதி. என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. நீ படிக்கிறவரை நான் யாரையும் கேட்கவிடவில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அது முழு உண்மை கிடையாது. யாரும் வரவில்லை. சனிக்கிழமை மாலை வாட்ச்மேனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தால், திங்கள் காலைவரை வாய் திறக்க வேலை இருக்காது. சில ஞாயிற்றுக்கிழமை சும்மா கிருஷ்ணகிரி பஸ் ஏறிப் போய், ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கண்டக்டரிடமாவது ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்கலாம்.

அவர் இருப்பது தம்பியின் வீடு. தனியாக வீடு பார்த்தோம். அட்வான்சை நானே கொடுத்துவிடுகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் போக எனக்குப் பிடிக்கவில்லை. பங்கை விற்றுக் கொண்டுவருகிறேன், தம்பி கையெழுத்துதான் பாக்கி என்றேன். வாராவாரம் கேட்கிறார். வாராவாரம் இல்லை என்கிறேன். அவர் மகள் வீட்டில் அவருக்கு வேறு இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பங்குனி பாதிக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். விற்காதே என்பதற்கு உன் மனதில் என்ன காரணம் இருந்தாலும் இருக்கட்டும், எனக்கு நஷ்டம் ஆனாலும் ஆகட்டும். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் உடனே பதில் போடு.

உன் அக்கா,
பொற்கொடி

*

ஓசூர்
21-3-2005

பூபதிக்கு,

இருபது நாள் ஆயிற்று. ஹவுஸ் ஓனர் வெங்கடம்மா தினமும் படியில் நின்று "உத்தரம் ராலேதா?" என்று தெலுங்கில் கேட்கிறார். கடிதம் வரவில்லை என்று தமிழில் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

நேற்று ஞாயிறு. சௌந்தரராஜன் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருந்தார், போனேன். "பங்கு காசு வராட்டிப் போவுதுங்க. அதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அக்கா காசுக்கே ஒரு கையெழுத்துப் போடாத தம்பி, நாளைக்குக் கல்யாணத்துல வந்து நிப்பாரா? ஒத்தத் தம்பியப் பகைச்சுக்கிட்டு நீங்க வரவேணாம். அந்தப் பாவம் எனக்கு வேணாங்க" என்றார். அப்படி இல்லை, தம்பி நல்லவன் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, காட்ட என் கையில் ஒரு கார்டு கூட இல்லை. மகள் வீட்டார் பார்த்த இடத்துக்குச் சரி சொல்லிவிட்டாராம். எனக்கு ஓசூர் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

படிவத்தை இனி அனுப்ப வேண்டாம்.

பொற்கொடி

*

புனே
29-3-2005

அக்கா,

இதற்குள் உங்கள் கேட்டிலேயே நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். எங்கள் கம்பெனி நவகிரி ஸ்பிரிங்சை வாங்குகிறது. நேற்றுப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. முதலாளி குடும்பத்திடம் இருக்கும் பங்கை வாங்குகிறோம். சட்டப்படி மற்ற பங்குதாரர்களிடமும் விற்கிறீர்களா என்று கேட்க வேண்டும். பங்குக்கு இருபத்தொன்பது ரூபாய்.

டிசம்பரிலிருந்து அந்தக் கோப்பு என் மேசையில் இருக்கிறது. உன்னோடு சேர்ந்து பங்கு வைத்திருப்பதை முதல் நாளே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அறிவிப்பு வரும்வரை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, வீட்டில் மூச்சு விடக் கூடாது என்றார்கள். கையெழுத்துப் போட்டாலும் குற்றம், ஏன் போடவில்லை என்று சொன்னாலும் குற்றம். 'கொஞ்சம் பொறு' என்று எழுதியதற்கே நான்கு நாள் தூங்கவில்லை.

இதுவரை சொன்னது என் தரப்பு நியாயம். இனி சொல்லப் போவதற்கு நியாயம் கிடையாது. மார்ச் ஒன்றாம் தேதி நீ எழுதிய கடிதத்தை நேற்று மாலைதான் பிரித்தேன். வந்த அன்றே கையில் வாங்கினேன். திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். பிரித்தால் பதில் எழுத வேண்டும், எழுதினால் உளறிவிடுவேன் என்று இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அறிவிப்பு வந்த பிறகு சந்தோஷமாகச் சேர்த்துப் பதில் எழுதலாம் என்றிருந்தேன். பிரித்திருந்தால் அடுத்த ரயிலில் வந்திருப்பேன். கையெழுத்துப் போட முடியாவிட்டாலும் மத்தூருக்கு வந்து அவர் முன்னால் நின்றிருப்பேன். அதைச் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்று உன் 21-ஆம் தேதிக் கடிதம் வந்தது. அதை நான்கு தடவை படித்துவிட்டேன்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது இந்த வேலை ஒன்றுதான், அதையே எழுதுகிறேன். இன்று உங்கள் பங்கு விலை ஒரு நாளில் எவ்வளவு ஏற அனுமதி உண்டோ அவ்வளவும் ஏறி நின்றுவிட்டது. விற்க ஆளே இல்லை. இப்படியே பல நாள் ஏறும். எங்கள் கம்பெனி விலை நேற்று அறுநூற்றுப் பன்னிரண்டு, இன்று அறுநூற்றுப் பதினொன்று. எங்களுக்கு இது நடந்ததாகவே தெரியவில்லை. போன வருஷம் எங்களைப் போலவே பெரிய கம்பெனி ஒன்றை வாங்கக் கேட்டோம். அதன் விலை மொத்தமே ஏழெட்டு சதவீதம்தான் ஏறியது.

பெரிய கம்பெனியைப் பத்திரிகைக்காரர், பாங்க், மியூச்சுவல் ஃபண்டு எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யாராவது கேட்கலாம் என்ற எண்ணம் விலையில் முன்பே கலந்திருக்கும். சின்னக் கம்பெனியை யாரும் பார்ப்பதில்லை. வாரக்கணக்கில் ஒரு பங்குகூடக் கைமாறாது. திடீரென்று ஒருவர் வந்து இது எனக்கு வேண்டும் என்று சொன்னால், அதற்கு என்ன மதிப்பு என்று அன்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். எப்போதும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தவரை, கேட்கப்பட்டது எவ்வளவு சின்னதோ அவ்வளவு துள்ளுகிறது.

திட்டியாவது ஒரு வரி எழுது அக்கா.

பூபதி

*

ஓசூர்
9-4-2005

பூபதிக்கு,

நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். திம்மப்பன் தன் இருநூறு பங்கைப் போன தீபாவளிக்குத்தான் பத்து ரூபாய்க்கு விற்றாராம், மைசூர்பாகைத் தொடவே இல்லை. விலை பதினேழைத் தாண்டிவிட்டது. வெங்கடசாமி என்னைப் பார்த்தால் இப்போது எழுந்து நிற்கிறார். "உங்க தம்பி கெட்டிக்காரரும்மா, அப்பவே விக்கவேணாம்னாரே!" என்கிறார்.

சட்டம் இருக்கட்டும். நீ வாய் திறக்காதது சரி. திறந்திருந்தால் நானே உன்னைத் திட்டியிருப்பேன். கடிதத்தைப் பிரிக்காததுதான் பூபதி. என் வாழ்க்கையில் ஒரே ஒரு கடிதம் நான் வெட்கத்தைவிட்டு எழுதினேன், அது உன் இழுப்பறையில் கிடந்தது. எனக்கு வலிக்கிறது. வலிக்கவில்லை என்று பெரிய மனுஷி மாதிரி எழுத எனக்கு வராது.

சின்னது ஏன் துள்ளுகிறது என்று எழுதியிருந்தாய். நீ எழுதாவிட்டாலும் அது எனக்குத் தெரியும். தை மாதம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன். ஓசூர் சந்தையில் புதுப் புடவை ஒன்று எடுத்தேன். கண்ணாடி பார்த்தேன். என்னோடு லைனில் நிற்கிற வெள்ளையம்மா, "ஏங்க்கா, உங்களுக்கு என்னாச்சு, பாட்டெல்லாம் முணுமுணுக்கறீங்க?" என்றாள். அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டார். அவருக்கு வேறு இடமும் இருந்தது. எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்கிறேன், உன் வேலை சம்பந்தப்பட்டதுதான். கேட்டவர்கள் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டால் அந்தச் சின்னக் கம்பெனியின் விலை என்ன ஆகும்?

பொற்கொடி

*

புனே
20-4-2005

அன்புள்ள அக்காவுக்கு,

இறங்கும். பொய் சொல்ல மாட்டேன், சில சமயம் வேகமாகவே இறங்கும். ஆனால் நான் பார்த்ததில் பாதிக்கு மேல் பழைய இடத்துக்கே திரும்பிப் போகவில்லை. கொஞ்சம் மேலேயே நின்றுவிடுகிறது. ஒருவர் விரும்பிக் கேட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, அதை மறக்கவைக்க முடியாது.

நம் ஆயிரம் பங்கையும் கொடுக்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. புதுப் படிவத்தில் 'பூபதி' என்று முழுதாகப் போட்டிருக்கிறேன். ஜூன் மூன்றாம் தேதி கடைசி நாள்.

சௌந்தரராஜன் சாரை நான் போய்ப் பார்க்கட்டுமா? நீ சரியென்றால் சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். வினிதாவும் உன்னிடம் பேச வேண்டும் என்கிறாள். அன்று சொன்னதை நினைத்து அழுதாள்.

பூபதி

*

ஓசூர்
24-6-2005

அன்புள்ள பூபதிக்கு,

மத்தூர் போகட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று ஒரு கார்டு போட்டேன், கிடைத்திருக்கும். அப்போதே அங்கே பரிசம் போட்டுவிட்டார்கள். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. பத்திரிகையை வியாழக்கிழமை அவரே கொண்டுவந்து மேசையில் வைத்தார். கூடவே நாலு மாம்பழமும். "வரணுங்க" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போகவில்லை. அன்று லீவு போட்டுப் புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். நன்றாக அழுதேன். வெங்கடம்மா சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இப்போது வேறு ஒருவர் சரக்கு எடுக்க வருகிறார். அவசரக்காரர். நான் எண்ணி முடிப்பதற்குள் பேனாவை நீட்டுகிறார்.

உன்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. நீ ஒருவன் மட்டும் காரணம் இல்லை. அட்வான்ஸ் அவர் கொடுக்கிறேன் என்றபோதே நான் சரி என்றிருக்கலாம். என் காசோடுதான் படியேறுவேன் என்று நின்றது நான். பதினொரு ரூபாய்ப் பங்கை வைத்துக்கொண்டு அவ்வளவு கௌரவம் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, பிறகு அழுகையும் வருகிறது.

பங்கு விஷயம். நிறையப் பேர் கொடுத்துவிட்டார்களாம். எல்லோரிடமும் பத்துக்கு ஆறு வீதம் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட்டார்கள். அறுநூறுக்குக் காசு வந்தது. பாதி உன்னுடையது என்று அனுப்பினால் நீ திருப்பி அனுப்புவாய், நான் மறுபடி அனுப்புவேன். அதனால் பாப்பா பெயரில் தபால் ஆபீசில் போட்டுவிட்டேன். வினிதாவிடம் சொல்லு. ஆடி பிறப்பதற்குள் அவளையும் பாப்பாவையும் இங்கே கூட்டிக்கொண்டு வா. என்னை வைத்துப் பார்க்க வேண்டாம், வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும்.

விலை இருபத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. பதினொன்றுக்குப் போகவில்லை. நீ சொன்னது சரிதான். நானும் தை மாதத்துக்கு முன்னால் இருந்த மாதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போவதை நிறுத்தவில்லை, ஆனால் இப்போது டீ குடிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் நானே ஒரு வார்த்தை பேச்சுக் கொடுக்கிறேன்.

திரும்பி வந்த நானூறு பங்கின் பத்திரம் பெட்டியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். முதலில் என் பெயர், அடுத்து உன் பெயர். அதை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன் என்று வெங்கடசாமி அலைகிறார். உனக்குப் படிவம் அனுப்பினாலும் அனுப்புவார். கையெழுத்துப் போடாதே பூபதி. அது நம் இரண்டு பேர் பெயரிலேயே இருக்கட்டும். அது இருக்கிறவரை, எதற்காகவாவது நீ எனக்கு ஒரு கடிதம் எழுதித்தான் ஆக வேண்டும்.

இதை வந்த அன்றே பிரித்துப் படி.

உன் அக்கா,
பொற்கொடி